காற்றில் போகும் யூரியா

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்தால் தென்காசி வட்டாரத்தில் கார் நடவு தொடங்கிவிடும். சாரல் நீடித்தால் வயலில் நீர் நிற்கும். இடையில் வெயில் அடித்தால் வயல் வெடிப்பு விடும். இவ்வாறு நனைந்தும் காய்ந்தும் வரும் வயலில் யூரியாவின் தழைச்சத்து வீணாவது அதிகம்.

45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து உள்ளது. நீர் கட்டிய நெல் வயலில் பெரும்பாலும் இதில் பாதிக்கும் குறைவாகவே பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் எங்கே போகிறது?

யூரியா மண்ணில் முதலில் அம்மோனியமாக மாறுகிறது. இதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகப் போய்விடும். மீதி மண்ணில் ஒட்டி நிற்கும். வயல் காய்ந்து காற்று புகுந்தால், நுண்ணுயிர்கள் இதை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அப்போதே சிறிது நைட்ரஸ் ஆக்சைடு வாயு உண்டாகிறது.

மறுபடி நீர் தேங்கினால், காற்று கிடைக்காத நுண்ணுயிர்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. நைட்ரேட் படிப்படியாக நைட்ரைட், நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு என மாறி, கடைசியில் வெறும் நைட்ரஜன் வாயுவாகிறது. நீர் நன்கு தேங்கிய வயலில் இக்கடைசி மாற்றம் பெரும்பாலும் நடந்து முடியும். அரை ஈரத்தில் பாதியில் நின்று, நைட்ரஸ் ஆக்சைடாகவே வெளியேறும்.

மருத்துவமனையில் மயக்க மருந்தோடு கொடுக்கப்படும் 'சிரிப்பு வாயு' இதுவே. இது காற்றில் நூறு ஆண்டுக்கு மேல் தங்கும். ஓசோன் உள்ள உயரத்துக்குச் சென்ற பிறகே பெரும்பாலும் புறஊதாக் கதிர்களால் சிதைகிறது. ஒரு சிறு பகுதி நைட்ரிக் ஆக்சைடாகி ஓசோனை அழிக்கிறது. இதை 1970ல் எடுத்துக்காட்டிய பால் குருட்சன் 1995ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். 100 ஆண்டுக் கணக்கில், அதே எடையுள்ள கரியமில வாயுவைவிட 273 மடங்கு பூமியைச் சூடேற்றவும் வல்லது. நெல் வயலில் இட்ட தழைச்சத்தில் இவ்வாயுவாகப் போவது பொதுவாக நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. ஆனால் இதே வழியில் நைட்ரஜன் வாயுவாகப் போவதும் விவசாயியின் கைப்பணமே.

தடுக்கும் முறைகள்:

1. யூரியாவை ஒரே தடவையில் இடாமல் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் எனப் பிரித்து இடவேண்டும். இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரம் இடுவது சிறந்தது.

2. யூரியா 5 பங்கு, ஜிப்சம் 4 பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 1 பங்கு கலந்து, ஓர் இரவு வைத்திருந்து இடலாம். வேம்பில் உள்ள பொருள்கள் அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும். 2015ல் உள்நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய்ப் பூச்சு கட்டாயமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

3. நீரை வடித்துச் சேற்றுப் பதத்தில் மேலுரம் இட்டு, மறுநாள் நீர் பாய்ச்சவேண்டும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுவது தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல முறையே. எனினும் மேலுரம் இட்ட ஒரு வாரத்துக்கு வயலைக் காயவிடக் கூடாது.

ஆகவே, வாய்க்காலில் தண்ணீர் முறை வரும் நாளை அறிந்த பிறகே மேலுரம் இடும் நாளைக் குறிப்பது நலம்.