உரைத்தொகுப்பைக் கடைசியில் திற

அன்புத் தம்பிக்கு,

ராயப்பன்பட்டி அன்பியக் கூட்டங்களில் இறைவார்த்தையைப் பகிரும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது. அதே பணியில் இருக்கும் ஐந்தாறு பேர் வாரந்தோறும் கூடிப் படிக்க என்னென்ன நூல்கள் வேண்டும் என்று கேட்கிறாய். எத்தனை நூல் என்பதல்ல, எதை முதலில் திறக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் குழுவை உருவாக்கும். முதலில் விவிலியப் பகுதி, அடுத்து ஊர் மக்களின் வாழ்க்கை, பிறகு விளக்கக் குறிப்புகள், கடைசியில்தான் ஆயத்த உரைகளைக் கொண்ட உரைத்தொகுப்புகள்.

மத்தேயு 20இல் வரும் திராட்சைத் தோட்ட வேலையாட்கள் உவமையை எடுத்துக்கொள். மத்தேயு நற்செய்திக்குரிய ஆண்டில், பொதுக்காலம் 25ஆம் ஞாயிறன்று இது வாசிக்கப்படுகிறது. மாலையில் வந்தவருக்கும் முழுக்கூலி கிடைப்பதைக் கடவுளின் தாராள மனம் என்று எந்த உரைத்தொகுப்பும் சரியாகவே விளக்கிவிடும். ஆனால் கம்பம் பள்ளத்தாக்கில் இதைக் கேட்பவர்கள் திராட்சைத் தோட்டத்தில் கூலி வாங்குகிறவர்களும் கூலி கொடுக்கிறவர்களும். தங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்று கடைசி ஆட்கள் சொல்லும் இடத்தில் ஒருவர் மனம் நிற்கும். கணக்குத் தீர்க்கும் இடத்தில் இன்னொருவர் மனம் நிற்கும். அந்த இரண்டு இடங்களையும் நீங்களே கண்டுபிடிக்கும் முன் ஆயத்த விளக்கத்தைப் படித்துவிட்டால், அந்தக் கேள்விகள் பிறக்கவே பிறக்காது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட 'நற்செய்தியின் மகிழ்ச்சி' மடலும், உரை தயாரிப்பைப் பற்றிப் பேசும் 145 முதல் 159 வரையுள்ள எண்களில், விவிலியப் பகுதிக்குப் பொறுமையாகச் செவிகொடுக்கச் சொல்கிறது. மக்களுக்கும் செவிகொடுக்கச் சொல்கிறது.

ஆளுக்கொரு கருத்துச் சொன்னால் தவறான பொருள் வந்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான அச்சம்தான். தென்னாப்பிரிக்க லும்கோ நிறுவனத்திலிருந்து பரவிய ஏழு படி விவிலியப் பகிர்வு முறை இறைவேண்டலுக்கு நல்லது. பகிர்வின்போது அதில் யாரும் பிறர் கருத்தை விவாதிப்பதில்லை. ஆனால் போதிப்பவர்களின் படிப்புக்கு அது மட்டும் போதாது. அந்தப் பகுதி முதலில் யாருக்கு, எந்தச் சூழலில் எழுதப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பின் நூல் முன்னுரைகளும் அடிக்குறிப்புகளும் அதற்குத் தொடக்கம். தீராத ஐயத்தைப் பங்குத்தந்தையிடம் கொண்டுபோங்கள். கேள்வியோடு போகிறவனுக்கே குறிப்புகள் பயன்படும்.

மறையுரை குருக்களின் பணி, பொதுநிலையினருக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்ற மறுப்பும் எழும். திருப்பலி மறையுரையைத் திருச்சபைச் சட்டம் குருக்களுக்கும் திருத்தொண்டர்களுக்கும் ஒதுக்கியிருப்பது உண்மை. ஆனால் பழைய மதுரை மறைப்பணித்தளத்தில் குருக்கள் மிகச் சிலர். ஊர் ஊராக விசுவாசத்தைக் கற்பித்துக் காத்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுக்காகவே வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அது ஆயத்த உரைகளின் தொகுப்பு அல்ல. போதிப்பவன் எப்படி வாழ வேண்டும், தன் கடமையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் நூல். போதிப்பவனை உருவாக்காமல் போதனையை மட்டும் கையில் கொடுத்துப் பயனில்லை என்பதை அவர் அறிந்திருந்தார்.

நேரமில்லை என்பதுதான் மிகக் கடினமான மறுப்பு. கவாத்தும் அறுவடையும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனால்தான் குறைவாகப் படிக்கச் சொல்கிறேன்: வாரம் ஒரு மணி நேரம், வரும் ஞாயிறு நற்செய்தி மட்டும், கையில் விவிலியமும் ஒரு நோட்டும். குழுவில் தோட்டக்காரரும் கூலிக்குப் போகிறவரும் பெண்களும் கட்டாயம் இருக்கட்டும். ஒரே வகை ஆட்கள் கூடினால் ஒரே கேள்விதான் எழும். இப்படி ஓராண்டு படித்த பிறகு உரைத்தொகுப்பைத் திற. எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று அப்போது உனக்கே தெரியும்.

அன்புடன்,
உன் அண்ணன்