தேர்வில் வென்றால் மட்டும் போதுமா?

தேர்வு எழுதுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. பொதுத் தேர்வில் விடைத்தாளைத் திருத்துபவர் நம் விடையைப் பார்க்கிறாரே தவிர, நம் முகத்தைப் பார்ப்பதில்லை. ஆகவேதான் தேர்வு நேர்மையானது என்று நம்புகிறோம். ஆனால் தேர்வில் தேறி, அரசு அலுவலகத்தில் இடம் பெற்ற பின்னரும் தோலின் நிறத்தால் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு. அமெரிக்க அரசுப் பணியில் கறுப்பின மக்கள் பட்ட துன்பத்தையும், அவர்கள் முன்னேறத் துணை நின்றவை எவை என்பதையும் இங்குக் காண்போம்.

அமெரிக்காவில் முற்காலத்தில் ஆளுங்கட்சியின் சிபாரிசு இருந்தால்தான் அரசு வேலை கிடைக்கும். 1883ஆம் ஆண்டில் வந்த ஒரு சட்டம், பல பணிகளுக்குத் தகுதித் தேர்வு வைக்க வேண்டும் என்று விதித்தது. இதனால் கறுப்பின மக்கள் பலர் தலைநகரான வாஷிங்டனில் எழுத்தராகவும் மேற்பார்வையாளராகவும் பணியில் அமர்ந்தனர்.

இந்நிலை நீடிக்கவில்லை. 1913இல் உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவரானார். அவருடைய ஆட்சியில் கருவூலத் துறையிலும் அஞ்சல் துறையிலும் கறுப்பின ஊழியர்கள் தனியே பிரிக்கப்பட்டனர். உணவறை வேறு, கழிப்பறை வேறு என்று ஆயிற்று. சிலர் பதவி இறக்கப்பட்டனர். 1914 முதல் விண்ணப்பத்துடன் புகைப்படமும் அனுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. தேர்வில் முன்னணியில் வந்த மூவரில் ஒருவரை அதிகாரி தேர்ந்தெடுக்கலாம் என்பது முறை. புகைப்படம் கையில் இருக்கும்போது, கறுப்பரை விலக்கி மற்றொருவரை எடுப்பது எவ்வளவு எளிது! மதிப்பெண் பேச வேண்டிய இடத்தில் முகம் பேசியது. இவ்விதி 1940 வரை நீடித்தது.

1941இல் தொழிலாளர் தலைவர் ஃபிலிப் ராண்டால்ஃப், வாஷிங்டனில் பெரும் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். அதன் பின்னரே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், அரசுப் பணியிலும் போர்த் தளவாடத் தொழில்களிலும் நிற வேற்றுமை கூடாது என்று ஆணையிட்டார்.

இதன் பயனாக விர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி விமான ஆராய்ச்சிக் கூடத்தில் கறுப்பினப் பெண்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. விமானச் சோதனைகளுக்கான கணக்குகளைக் கையால் போடுவதே அவர்கள் வேலை. அக்காலத்தில் ‘கம்ப்யூட்டர்’ என்ற சொல், கணக்கிடும் மனிதரையே குறித்தது! 1943இல் அங்குச் சேர்ந்தவர்களுள் ஒருவர் டாரதி வாகன் என்னும் கணித ஆசிரியை. அவர்கள் தனிப் பிரிவில் வைக்கப்பட்டனர். உணவு விடுதியிலும் ‘நிறமுள்ள கணக்கர்’ என்ற பலகை வைத்த தனி மேசை. மிரியம் மான் என்ற ஊழியர் அப்பலகையை எடுத்துத் தம் கைப்பையில் வைத்துக்கொள்வார். மறுபடி வேறு பலகை வரும், அதையும் எடுப்பார். கடைசியில் பலகை வைத்தவர்களே ஓய்ந்து போயினர். உண்ணும் இடத்தில் அவமானப்படுபவர், பணியிடத்தில் எப்படி மன அமைதியோடு இருக்க முடியும்?

டாரதி வாகன் 1949இல் அப்பிரிவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பதவியைத் தமக்குக் கிடைத்த பெருமையாக மட்டும் அவர் கருதவில்லை. தகுதியுள்ள பெண்களுக்கு ஊதிய உயர்வு வேண்டும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடினார். கணிப்பொறிகள் வரத் தொடங்கியதும், ஃபோர்ட்ரான் என்ற கணிப்பொறி மொழியைத் தாமும் கற்று, உடன் பணியாற்றியவர்களுக்கும் கற்பித்தார். அவர்களுடைய வேலை பறிபோகாமல் இருக்க அது உதவியது.

1951இல் மேரி ஜாக்சன் அவர் பிரிவில் சேர்ந்தார். பின்னர்க் காற்றுச் சுரங்கச் சோதனையில் அவரைச் சேர்த்துக்கொண்ட ஒரு வெள்ளைப் பொறியாளர், அவரும் பொறியாளராக வேண்டும் என்று ஊக்குவித்தார். அதற்குரிய மாலை வகுப்புகளோ வெள்ளையர் மட்டும் பயிலும் பள்ளிக் கட்டடத்தில் நடந்தன. மேரி நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி பெற்றுப் படித்து, 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். அவருக்குத் திறமை முன்பே இருந்தது. வேண்டியிருந்தவை பயிற்சியும், ‘உன்னால் முடியும்’ என்று சொல்ல ஒருவரும்தான்.

நம் மனத்தை மிகவும் தொடுவது அவருடைய பிற்காலச் செயல். பெண்கள் ஒரு நிலைக்கு மேல் உயர முடியாமல் தேங்கி நிற்பதை அவர் கண்டார். 1979இல் தம் உயர்ந்த பதவியை விட்டிறங்கி, அங்குப் பெண் ஊழியர் நலத்தைக் கவனிக்கும் பணியை ஏற்றார். ஏணியில் ஏறியவர், பிறர் ஏறுவதற்காகக் கீழே இறங்கி ஏணியைப் பிடித்துக்கொண்டார் அன்றோ?

1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டத்தில் உள்ள வேலைவாய்ப்பு விதிகள், 1972இல் மத்திய அரசு ஊழியருக்கும் விரிவாக்கப்பட்டன. 1975இல் கறுப்பின அரசு ஊழியர்கள் தமக்கென ஓர் அமைப்பைத் தொடங்கி, பயிற்சிக்கும் பதவி உயர்வுக்கும் வழி தேடினர். 2020இல் நாசா தன் தலைமையகத்திற்கு மேரி ஜாக்சனின் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தது. எனினும் 2025 ஜனவரியில், பன்முகத்தன்மைக்கும் சமத்துவத்துக்குமான திட்டங்களை நிறுத்துமாறு அமெரிக்க அரசு தன் துறைகளுக்கு ஆணையிட்டது. நிற வேற்றுமையைத் தடுக்கும் சட்டமோ இன்றும் உள்ளது. ஆகவே ஒரு முறை பெற்ற உரிமை தானாகவே வளர்ந்துகொண்டிருக்கும் என்று எண்ணலாகாது.

அன்புத் தோழியரே! தேர்வு வாயிலைத் திறக்கும். உள்ளே சென்றவர் மதிப்புடன் பணியாற்ற நல்ல சட்டம் வேண்டும், பயிற்சி வேண்டும், பரிந்து பேச ஒருவர் வேண்டும், ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் உடன் பணியாளரும் வேண்டும். நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் அமரப்போகிறோம். அன்று நாம் பெற்ற இடத்தைக் காப்பதோடு நின்றுவிடாமல், நமக்குப் பின் வருபவருக்கும் இடம் தருவோமாக!