எல்லையில்லாப் பணமும் எல்லையோர ஊர்களும்

கிரிப்டோ டோக்கனுக்கு வங்கி வேண்டாம், அரசு வேண்டாம், எல்லை கிடையாது. ஆகவே இதுவரை ஏமாந்த எளியவர்களிடமே பணத்தின் கட்டுப்பாடு வந்து சேரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இதில் 'எல்லை கிடையாது' என்பதைப் பெரிய நன்மையாகவே பலரும் எண்ணுகிறார்கள். அதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்கள் பொருத்தமானவை. 1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போனது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கொடுக்கல் வாங்கலும் உறவும் சீட்டும் பழையபடியே தொடர்ந்தன. காவல் நிலையமும் நீதிமன்றமும்தான் இரண்டாகப் பிரிந்தன.

அந்தப் பிரிவின் விலை 2017இல் தெரிந்தது. எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் மத்தம்பாலையில் இயங்கிய நிர்மல் கிருஷ்ணா சிட்பண்ட் அந்த ஆண்டு முடங்கியது. பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோரில் கேரளப் பக்கத்தவர்கள் ஏராளம். தங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருந்த அலுவலகத்துக்காக, இன்னொரு மாநிலத்தின் பொருளாதாரக் குற்றப்பிரிவை அவர்கள் நம்பி நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருந்தது. முதலீட்டாளர் நலனுக்காகத் தமிழ்நாடு 1997இல் இயற்றிய சட்டம், நிறுவனத்தின் நிலத்தையும் கட்டடத்தையும் முடக்கி விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்க வழி செய்கிறது. தாமதமானாலும் அது ஒரு பிடிமானம்.

'சீட்டுக் கம்பெனிக்கு ஒரு முதலாளி உண்டு, அவர் ஓடிவிடலாம். டோக்கனுக்கு முதலாளியே இல்லையே' என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை. பிட்காயினின் பொதுப் பேரேடு 2009 ஜனவரி முதல் எந்த முதலாளியும் இல்லாமல் ஓடுகிறது. அது பெரிய தொழில்நுட்பச் சாதனை. ஆனால் சாதாரண மனிதர் அந்தப் பேரேட்டைத் தொடுவதே இல்லை. ஒரு முகவரிடமோ செயலியிடமோதான் பணத்தைக் கொடுக்கிறார். மலப்புறத்தை மையமாகக் கொண்ட மோரிஸ் காயின் திட்டம் கிரிப்டோ நாணயத்தின் பெயரைச் சொல்லி ஏராளமானோரிடம் பணம் திரட்டியது. அமலாக்கத்துறை மதிப்பிட்ட தொகை சுமார் 1,200 கோடி ரூபாய். மோசடித் திட்டங்களை விட்டுவிட்டு, பெயர்பெற்ற கிரிப்டோ பரிமாற்றகம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸிலிருந்து 23 கோடி டாலருக்கும் மேற்பட்ட டோக்கன்கள் திருடுபோயின. இந்தியப் பயனாளர்களின் டோக்கன்கள் ஓராண்டுக்கு மேல் முடங்கிக் கிடந்தன. மறுசீரமைப்புத் திட்டம் எங்கே முடிவானது தெரியுமா? தாய் நிறுவனம் பதிவான சிங்கப்பூரின் உயர் நீதிமன்றத்தில். பாறசாலைக்காரருக்கு மத்தம்பாலையே வேற்று மாநிலமாகிப் போனது ஒரு துயரம் என்றால், அவருடைய வழக்கு கடல் கடந்து போவதை முன்னேற்றம் என்று எப்படிச் சொல்வது?

டோக்கனைத் திறக்கும் ரகசியச் சாவியைப் பரிமாற்றகத்திடம் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது என்பார்கள். சரிதான், வராது, வேறொன்று வரும். சாவிச் சொற்கள் தொலைந்தாலோ, போலி இணைப்பை நம்பி யாரிடமாவது கொடுத்துவிட்டாலோ, போன பணத்தை மீட்க யாராலும் முடியாது. வீட்டில் ஒருவர் திடீரென இறந்துபோனால், வாரிசுச் சான்றிதழுடன் போய் நிற்க ஓர் அலுவலகம் கிடையாது. கணினி அறிந்தவர்களுக்கு இது சுதந்திரமாக இருக்கலாம். எல்லாரும் அந்தத் திறமையோடு வாழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பாதுகாப்பு தேவைப்படுபவர்களையே கைவிடுவதாகும்.

வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் குடும்பங்களுக்காவது பயன் உண்டா என்ற கேள்வியை அலட்சியப்படுத்த முடியாது. நாணய மதிப்பு சரிந்த நாடுகளில் டாலரோடு பிணைத்த டோக்கன்கள் மக்களின் சேமிப்பைக் காத்திருக்கின்றன. அனுப்பும் செலவும் குறையலாம். ஆனால் டெதர் போன்ற டோக்கன்களை வெளியிடும் நிறுவனத்தால் எந்தக் கணக்கையும் முடக்க முடியும். அங்கே மக்களைக் காப்பது டாலர், மையமின்மை அல்ல. உள்ளூர்ச் செலவுக்கோ 2016இல் தொடங்கிய யுபிஐ கட்டணமின்றிச் சில நொடிகளில் வேலையை முடிக்கிறது.

அரசால் கிரிப்டோவைத் தொடவே முடியாது என்ற நம்பிக்கைக்கு 2025இன் இரண்டு நிகழ்வுகள் விடை சொல்கின்றன. அமெரிக்கா தேடிய கரான்டெக்ஸ் பரிமாற்றகத்தின் நிர்வாகி ஒருவர் மார்ச் மாதம் வர்க்கலையில் கைதானார். நெய்யாற்றின்கரை இருக்கும் அதே திருவனந்தபுரம் மாவட்டம். அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், வசீர்எக்ஸ் பயனாளர் ஒருவரின் வழக்கில், கிரிப்டோ நாணயம் சொத்தே என்றும் அதைப் பிறருக்காகப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றும் தீர்ப்பளித்தது. அந்தப் பயனாளருக்குப் பாதுகாப்பைப் பேரேடு தரவில்லை, நீதிமன்றம் தந்தது. 2022 முதல் கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதத்தை வரியாக எடுக்கும் ஒன்றிய அரசு, வைத்திருப்பவர்களைக் காக்கும் தனிச்சட்டத்தை இன்னும் கொண்டுவரவில்லை. அது வரும்போது, பணம் போட்டவர் வசிக்கும் வட்டத்திலேயே புகார் கொடுத்து வழக்கு நடத்தும் உரிமை அதன் முதல் பிரிவுகளில் இடம்பெற வேண்டும்.