வீட்டுக்கு நெட் இணைப்பு எடுக்கப் போகிறீர்களா? நிறையப் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு 14 குறிப்புகள்

அம்மாவுக்கு ஆபீஸ் மீட்டிங், மகளுக்கு ஆன்லைன் வகுப்பு, ஹால் டிவியில் கிரிக்கெட், வாசலில் கேமரா. எல்லாமே ஒரே இணைப்பில் ஓடும் வீடுகள் இன்று ஏராளம். இப்படிப்பட்ட வீட்டுக்கு நெட் எடுக்கும்போது பலரும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கும் வேகத்தையும் மாதக் கட்டணத்தையும் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்கிறார்கள். மாதம் முழுக்கத் தொல்லையில்லாமல் ஓடுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு விஷயங்கள். உங்கள் தெருவில் அந்தக் கம்பெனியின் லைன் எந்த லட்சணத்தில் இருக்கிறது, அறுந்தால் யார் வந்து சரிசெய்வார், டேட்டா வரம்பு தாண்டினால் என்ன ஆகும், வீட்டுக்குள் வைஃபை எங்கெங்கே எட்டும் என்பவற்றை விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்துத் தொகுத்த குறிப்புகள் இவை.

1. முதலில் வீட்டுக் கணக்கு

இரவு எட்டு மணிக்கு உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் என்னென்ன ஓடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ், ஹெச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ் தேவை என்கிறது நெட்ஃபிளிக்ஸ். வீடியோ மீட்டிங்குக்கு ஆளுக்கு 4 எம்பிபிஎஸ் ஒதுக்கலாம். இரண்டு 4கே டிவி, இரண்டு மீட்டிங், ஒரு வகுப்பு, நாலைந்து செல்போன் என்று கூட்டினாலும் 60 எம்பிபிஎஸ் சுமாருக்குத்தான் வரும். ஐந்தாறு பேர் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு 100 எம்பிபிஎஸ் தாராளம். பெரிய கேம்களோ வீடியோ ஃபைல்களோ அடிக்கடி இறக்குபவர்களுக்கு 200, 300 எம்பிபிஎஸ் பிளான் பொருந்தும். 1 ஜிபிபிஎஸ் பிளானுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நல்ல ரூட்டரிலும் ஒயரிங்கிலும் போட்டால் பலன் கண்கூடாகத் தெரியும்.

2. எம்பிபிஎஸ் வேறு, எம்பி வேறு

100 எம்பிபிஎஸ் இணைப்பில் டவுன்லோடு நொடிக்கு 12.5 எம்பிதான் காட்டும். 8 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். 100 ஜிபி அளவுள்ள கேம் ஒன்றை இறக்க இந்த வேகத்தில் இரண்டேகால் மணி நேரம் ஆகும். இது தெரியாமல் கம்பெனி ஏமாற்றிவிட்டது என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

3. ‘அன்லிமிடெட்’டுக்கும் வரம்பு உண்டு

பெரிய கம்பெனிகளின் அன்லிமிடெட் ஃபைபர் பிளான்கள் பலவற்றில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு இருக்கிறது. நாளுக்கு 110 ஜிபி. நெட்ஃபிளிக்ஸ் 4கே படம் மணிக்கு அதிகபட்சம் 7 ஜிபி இழுக்கும் என்பதால், படம் மட்டும் என்றால் தினமும் 15 மணி நேரம் பார்க்கலாம். எனவே சாதாரண வீடு இதைத் தாண்டுவது கஷ்டம். ஆனால் விலை குறைந்த பிளான்களில் வரம்பும் குறைவு. வரம்பு தாண்டியபின் சில பிளான்களில் வேகம் 4 எம்பிபிஎஸ், 2 எம்பிபிஎஸ் என்று இறங்கிவிடும். முன்பு சொன்ன அதே 100 ஜிபி கேமுக்கு 4 எம்பிபிஎஸ் வேகத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ‘வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். இந்த விவரங்களை வாடிக்கையாளருக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவு.

4. அப்லோடு வேகத்தைத் தனியாகக் கேளுங்கள்

விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் டவுன்லோடு வேகம். வீடியோ மீட்டிங்கில் உங்கள் முகம் உறைந்து நிற்பதும், போட்டோ பேக்கப் முடியாமல் இழுப்பதும் அப்லோடு குறைவதால்தான். கேமராவை இங்கே மறக்கக் கூடாது. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இடைவிடாமல் கிளவுடுக்கு அனுப்பும் ஒரு கேமரா, நாளுக்கு 21 ஜிபிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மாதத்துக்குக் கிட்டத்தட்ட 650 ஜிபி. இப்படி நான்கு கேமரா வைத்தால் 2,600 ஜிபி போய்விடும். அப்லோடும் வரம்புக் கணக்கில் சேரும் பிளான் என்றால், படமே பார்க்காமல் வரம்பில் முக்கால்வாசி காலி! வீட்டிலேயே டிவிஆர் என்ற பதிவுப் பெட்டியில் பதிவு செய்வது, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்பும்படி கேமராவை அமைப்பது ஆகிய இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். அப்லோடு, டவுன்லோடு இரண்டும் ஒரே வேகத்தில் தரும் பிளான் கிடைத்தால் அதற்கே முன்னுரிமை.

5. ஃபைபர் எதுவரை வருகிறது?

‘ஃபைபர் நெட்’ என்று சொல்வார்கள். ஃபைபர் அபார்ட்மென்ட்டின் கீழ்த்தளம் வரை மட்டும் வந்து, அங்கிருக்கும் ஸ்விட்ச் பெட்டியிலிருந்து லான் ஒயர் மேலே ஏறுவது உண்டு. அப்படியென்றால் கீழே கரண்ட் போனால், உங்கள் வீட்டில் யுபிஎஸ் இருந்தும் நெட் வராது. கண்ணாடி இழை உங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, சின்னப் பெட்டியில் செருகப்படும் இணைப்புதான் நிறையப் பயன்படுத்துபவர்களுக்குச் சிறந்தது.

6. ஏர்ஃபைபர் யாருக்கு?

ஃபைபர் வராத தெருவுக்கும், ஒயர் இழுக்க ஓனர் சம்மதிக்காத வாடகை வீட்டுக்கும் 5ஜி சிக்னலில் ஓடும் ஏர்ஃபைபர் நல்ல மாற்று. ஜியோ 2023 செப்டம்பரில் இதைத் தொடங்கியபோது முதல் எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் பக்கத்து டவரின் நெரிசலைப் பொறுத்து வேகம் ஏறி இறங்கும். அப்லோடும் டேட்டா வரம்பும் ஃபைபரைவிடக் குறைவாக இருப்பதே வழக்கம். ஃபைபர் கிடைக்கும் இடத்தில் ஃபைபரையே எடுங்கள்.

7. கஸ்டமர் கேரைவிடப் பக்கத்து வீட்டுக்காரர் மேல்

ஒரே கம்பெனி ஒரு தெருவில் அருமையாகவும் அடுத்த தெருவில் படுமோசமாகவும் இருக்கும். காரணம், கடைசித் தூரத்து வேலை பல இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டர்கள் கையில் இருக்கிறது. பிஎஸ்என்எல் ஃபைபரும் பல ஊர்களில் இப்படி உள்ளூர்ப் பங்குதாரர்கள் மூலமாகத்தான் வருகிறது. ஆக நீங்கள் தேர்ந்தெடுப்பது கம்பெனியை மட்டுமல்ல, அந்த ஆபரேட்டரையும் சேர்த்துத்தான். அதே தெருவில், முடிந்தால் அதே கட்டடத்தில், அந்த இணைப்பு வைத்திருப்பவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக நெட் எப்போது போனது? சரியாக எவ்வளவு நேரம் ஆனது? இரவில் வேகம் குறைகிறதா?

8. ராத்திரி ஒன்பது மணிக்குச் சோதியுங்கள்

காலை பதினோரு மணிக்கு எந்த இணைப்பும் நன்றாகத்தான் ஓடும். பரவலாகப் புழங்கும் ஜிபான் ஃபைபரில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் டவுன்லோடை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. அதோடு அந்த ஏரியா முழுவதற்கும் கம்பெனி வாங்கி வைத்திருக்கும் கொள்ளளவும் ஒன்றுதான். ஒரே மேல்நிலைத் தொட்டியில் தெருவே தண்ணீர் பிடிக்கும் கதை இது. தெரிந்தவர் வீட்டில் இரவு ஒன்பது மணி வாக்கில், ரூட்டருக்குப் பக்கத்தில் நின்று ஸ்பீட்டெஸ்ட்டும் ஃபாஸ்ட் டாட் காமும் ஓட்டிப் பாருங்கள். வெள்ளி, சனி இரவென்றால் இன்னும் நல்லது.

9. லைன்மேன் நம்பரும் சிக்னல் அளவும்

நம் ஊர்களில் ஃபைபர் பெரும்பாலும் போஸ்ட்டுக்குப் போஸ்ட் தொங்குகிறது. உயரமான லாரி இழுத்துப் போகும். மரம் வெட்டுபவர்கள் கத்தி படும். ரோடு தோண்டினால் அறும். எனவே இணைப்பு கொடுக்க வருபவரிடம் லைன்மேனின் செல்போன் நம்பரை வாங்கி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அறுந்தால் வருவாரா என்றும் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் சிக்னல் அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் அக்கம்பக்கம் இருந்தால் நல்லது. மைனஸ் 27 வந்துவிட்டால் விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். ஒயர் கொஞ்சம் மடங்கினாலும் நெட் போய்விடும். அப்போதே மறுபடி ஜாயின்ட் போடச் சொல்லுங்கள்.

பெட்டியில் ‘லாஸ்’ என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் சிக்னல் வரவில்லை. பின்னால் பச்சை நிற முனை சரியாகச் செருகியிருக்கிறதா, மஞ்சள் ஒயர் சோபாவுக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கழன்ற ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கக்கூடியது. குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

10. மழைக்கும் கரண்ட் கட்டுக்கும் முன்னேற்பாடு

2016 வர்தா புயலின்போதும் 2023 மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பல பகுதிகள் நெட் இல்லாமல் தவித்தன. ஐப்பசி, கார்த்திகைக்கு முன்பே தயாராக இருப்பது நல்லது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை. ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். சில மணி நேரம் தாங்கும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலிருந்தே வேலை செய்பவர், வேறு கம்பெனியின் சிம் ஒன்றை டேட்டாவோடு தயாராக வைத்திருக்கட்டும். இரண்டு கம்பெனி ஃபைபர் எடுப்பதாக இருந்தால், இரண்டும் ஒரே போஸ்ட் வழியாக வருகின்றனவா என்று பாருங்கள். ஒரே வழியென்றால் ஒரே மரம் விழுந்து இரண்டும் போகும்.

11. வீட்டுக்குள் வைஃபை: பாதி புகார் இங்கேதான்

வாசலுக்குப் பக்கத்தில், டிவிக்குப் பின்னால் பெட்டியை ஆணியடித்துவிட்டுப் போவார்கள். பின் அறையில் சிக்னல் வராது, கம்பெனியைத் திட்டுவோம். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், மறைப்பு இல்லாத இடத்தில் ரூட்டரை வைக்கச் சொல்லுங்கள். இரண்டு அலைவரிசையும் உள்ள ரூட்டர் கட்டாயம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. மாடி வீடென்றால் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று மெஷ் ரூட்டர் பெட்டிகளைப் போட்டு, இரண்டுக்கும் நடுவே ஒயர் இழுத்துவிடுங்கள்.

நகராத சாமான்களுக்கு ஒயரே நல்லது. டிவி, கம்ப்யூட்டர், டிவிஆர் மூன்றையும் கேட் 6 ஒயரில் இணைத்தால் வைஃபை செல்போன்களுக்கு மிச்சமாகும். 300 எம்பிபிஎஸ் பிளான் எடுத்தும் கம்ப்யூட்டரில் எப்போதும் 94, 95 என்றே காட்டுகிறதா? ரூட்டரிலோ கம்ப்யூட்டரிலோ 100 எம்பிபிஎஸ் போர்ட் இருக்கிறது, அல்லது ஒயருக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது. ஒயரை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். புது வீடு கட்டுபவர்கள் ஒவ்வொரு அறைக்கும் ஒரு பைப்பை இப்போதே சுவருக்குள் பதித்துவிடுங்கள்.

12. கேம், கேமரா உள்ளவர்கள் கேட்க வேண்டியது

கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு எம்பிபிஎஸ்ஸைவிட பிங், அதாவது சர்வருக்குப் போய்த் திரும்பிவர ஆகும் நேரம், முக்கியம். பல கேம்களின் சர்வர் மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு நேராகக் கடலடி கேபிள் போகிறது. ஆனாலும் உங்கள் கம்பெனி எந்த வழியாக அனுப்புகிறது என்பதைப் பொறுத்து பிங் மாறும். விளையாடும் நேரத்தில் கேமுக்குள் காட்டும் பிங்கையே பாருங்கள்.

வெளியூரிலிருந்து வீட்டு டிவிஆருக்குள் நேராக நுழைய வேண்டுமானால் பொது ஐபி தருவார்களா என்று கேளுங்கள். ரூட்டரில் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வீடுகளுக்கும் சேர்த்து ஒரே பொது முகவரியைப் பகிர்கிறார்கள். அப்போது ஸ்டாட்டிக் ஐபிக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

13. கடைசி ரூபாய் வரை கூட்டிப் பாருங்கள்

விளம்பர விலையில் பெரும்பாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்திருக்காது. 999 ரூபாய் பிளானுக்குக் கையிலிருந்து போவது ஏறக்குறைய 1,179 ரூபாய். இன்ஸ்டலேஷன், ரூட்டர் டெபாசிட், சலுகை முடிந்தபின் விலை எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலவச ஓடிடி என்றால் உங்கள் வீட்டில் பார்க்கும் ஓடிடியா என்று பாருங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கட்டினால் தள்ளுபடி உண்டுதான். ஆனால் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டிப் பாருங்கள். பிடித்திருந்தால் பிறகு மொத்தமாகக் கட்டலாம்.

14. மாறும்போதும் புகார் செய்யும்போதும்

புது இணைப்பு வந்தவுடன் பழையதை வெட்டாதீர்கள். சில வாரங்கள் இரண்டும் ஓடட்டும். செல்போன் நம்பரைப் போல நெட் இணைப்பை அப்படியே வேறு கம்பெனிக்கு மாற்றும் வசதி கிடையாது. பழைய லேண்ட்லைன் நம்பரும் கூடவே வராது. பழைய ரூட்டரைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்கினால்தான் டெபாசிட்டைக் கேட்க முடியும்.

புகாரை லைன்மேனிடம் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், கஸ்டமர் கேரில் பதிவு செய்து டாக்கெட் எண் வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; இதற்குக் கட்டணம் இல்லை. தனிநபர் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதிசெய்திருக்கிறது. அங்கே பேசப்போவது ஆதாரம்தான். எனவே முதல் மாதத்திலிருந்தே நெட் போன தேதி, நேரம், ஸ்பீட்டெஸ்ட் ஸ்க்ரீன்ஷாட், டாக்கெட் எண் ஆகியவற்றைச் செல்போனில் ஒரே ஃபோல்டரில் சேர்த்து வையுங்கள். கம்பெனியை மாற்றலாமா, வேண்டாமா என்று முடிவெடுக்கவும் அதே ஃபோல்டர் உதவும்.