ரத்தப் பரிசோதனையும் ராஜினாமா கடிதமும்

கேள்வி: வாசகி சித்தூர்க்காரர், திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். வருடாந்திரப் பரிசோதனை என்று ரத்தம் எடுத்தார்கள். எச்.ஐ.வி. இருப்பதாக வாய்வார்த்தையாகச் சொல்லி, "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று ராஜினாமா வாங்கிக்கொண்டார்கள். எட்டு மாதமாகிறது. வேலை திரும்பக் கிடைக்குமா?

பதில்: சட்டம் வாசகியின் பக்கம்தான் இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, விவரம் சொல்லிச் சம்மதம் பெறாமல் இந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. வேலையைவிட்டு நீக்க வேண்டுமானால் இரண்டு தாள்களின் நகலைக் கையில் தர வேண்டும். ஒன்று, அவரால் பிறருக்குத் தொற்றும் அபாயம் கணிசமானது அல்லது அவர் அந்த வேலைக்குத் தகுதியற்றவர் என்று சுதந்திரமான மருத்துவர் எழுதிய மதிப்பீடு. மற்றொன்று, மாற்று ஏற்பாடு செய்வதில் தனக்குள்ள சிரமத்தை நிர்வாகம் விளக்கும் அறிக்கை. இச்சட்டம் வருவதற்கு முன்பே, எச்.ஐ.வி. உள்ளவரைப் போலீஸ் வேலையில் சேர்க்கத் தடை விதித்த காவல் கையேட்டு விதியை ஆந்திர உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

ஆனால் இதெல்லாம் நீக்கத்துக்கு. நிர்வாகம் "நாங்கள் நீக்கவில்லை, அவரே விலகினார்" என்றுதான் சொல்லும். மிரட்டி வாங்கிய ராஜினாமா என்று நிரூபிப்பதில்தான் வழக்கே நிற்கிறது.

அதற்கு வாசகியிடம் என்ன இருக்கிறது? ரிப்போர்ட் நகல் இல்லை. ராஜினாமா நகல் இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டாரா என்பதும் நினைவில்லை. தினமும் கேஸ் ஷீட் எழுதும் நர்ஸ் தன் கையெழுத்துக்கு நகல் வாங்காமல் வந்தது பெரும் தவறு. எட்டு மாதம் ஒரு வரி ஆட்சேபம்கூட அனுப்பாதது அதைவிடப் பெரிய தவறு. எழுதிக் கொடுக்கச் சொல்லி வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தால் அது, கடைசி டூட்டி சார்ட், சம்பளம் வரவான பாஸ்புக் பக்கம் எதையும் இனி அழிக்க வேண்டாம். அரசு ஐ.சி.டி.சி. (ஒருங்கிணைந்த ஆலோசனை, பரிசோதனை) மையத்தில் இலவசமாக மறுபரிசோதனை செய்துகொள்வது முதல் வேலை.

பெயர் வெளியே வருமே என்ற பயம்தான் தாமதத்துக்குக் காரணம் என்கிறார். பெயரை மறைத்து, மூடிய அறையில் விசாரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம் என்று இதே சட்டத்தின் 34ஆம் பிரிவு சொல்கிறது. சென்னை மருத்துவமனையில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்ட நாகாலாந்து மருத்துவரின் வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் அவரை 'எக்ஸ்' என்றே குறிப்பிட்டது. வழக்கில் அவர் தோற்றார். ஆனால் தீர்ப்பில் அவர் பெயர் இல்லை.

பாகுபாடு குறித்த புகாரில், இதே சட்டப்படி நியமிக்கப்படும் மாநில ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) 30 நாளில் உத்தரவிட வேண்டும். எனினும் ராஜினாமா வாசகத்தைப் பார்க்காமல் வேலை திரும்பும் என்று உறுதி கூற முடியாது. வாசகி இருக்கிற தாள்களுடன் இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பார்க்க வேண்டும். பெண் என்பதால் வருமான வரம்பின்றி, சித்தூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கேட்க அவருக்கு உரிமை உண்டு.