கலாசாலை மாறிய மாணவி

ஒருவர் தாம் சேர்ந்த கலாசாலையை விட்டு வேறொன்றை நாடுவாராயின், அவரை நிலையில்லாச் சிந்தையினர் எனச் சுற்றத்தாரும் நண்பரும் கருதுவது வழக்கம். சிலர் திறத்தில் அஃது உண்மையே. கடினமான பாடத்திற்கு அஞ்சி ஓடுவாரும் உளர். புதுமையை மட்டும் விரும்பி ஓடுவாரும் உளர். ஆயினும், கற்கும் பொருளின்பொருட்டே இடம் மாறுவாரும் உண்டு. இவ்விரு திறத்தாரையும் பிரித்தறிவது எவ்வாறு? இதற்கு மனோதத்துவ சாஸ்திரத்தின் வரலாற்றிலேயே தக்கதோர் உதாரணம் கிடைக்கின்றது. அமெரிக்க தேசத்து மார்கரெட் பிளாய் வாஷ்பர்ன் அம்மையாரின் மாணவப் பருவமே அது.

அம்மையார் 1871-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரிற் பிறந்தார். அக்காலத்தில் பெண்களுக்கே உரியதாயிருந்த வாசர் கலாசாலையிற் பயின்று 1891-இல் பட்டம் பெற்றார். விஞ்ஞானம், தத்துவம் ஆகிய இரண்டிலும் அவருக்கு ஒருங்கே பற்று உண்டாயிற்று. இவ்விரண்டும் கூடும் துறையாக அவர் கண்டது பரிசோதனை மனோதத்துவம். ஜெர்மனி தேசத்து லைப்சிக் நகரில் வுண்ட் என்னும் பேராசிரியர் அதற்கெனச் சோதனைச்சாலை அமைத்தது 1879-இல். ஆதலின் அத்துறை அப்போது மிக இளையது. வுண்டிடம் பயின்ற கட்டல் என்பார் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்தமையால், வாஷ்பர்ன் அவரை நாடிச் சென்றார்.

கொலம்பியாவோ அம்மையாரை முறையான மாணாக்கராய் ஏற்கவில்லை; உடனிருந்து பாடம் கேட்பதற்கு மட்டுமே அனுமதி தந்தது. எனினும் கட்டல், ஆண் மாணாக்கருக்கு இட்ட வேலை முழுவதையும் அவருக்கும் இட்டார். அவர் கொடுத்த ஆராய்ச்சி தொடுவுணர்ச்சியைப் பற்றியது.

அதன் அடிப்படையை நாமே சோதித்தறியலாம். கவராயத்தின் இரு முனைகளையும் சிறிதே விரித்து, கண்களை மூடிய நண்பர் ஒருவரின் விரல் நுனியில் ஒருசேர மெல்ல வையுங்கள். இடைவெளி 2 அல்லது 3 மில்லிமீட்டர் இருந்தாலே, தம்மைத் தொடுவன இரண்டு என்பார். அதே இடைவெளியுடன் முதுகில் வைப்பின், ஒன்று என்பார். இரண்டெனத் தோன்ற அங்கே சுமார் 40 மில்லிமீட்டர் வேண்டும். இத்தகைய சோதனைகளை 1834-இல் வெளியிட்டவர் வெபர் என்னும் ஜெர்மானியர். ஒரு மாறுதல் நமக்குப் புலப்படுவது முன்னிருந்த அளவோடு அதற்குள்ள விகிதத்தைப் பொறுத்தது என்னும் விதியும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அவ்விதி, தோலின்மேல் இரு முனைகளுக்கிடையேயுள்ள தூரத்திற்கும் பொருந்துமா என்பதே வாஷ்பர்னிடம் விடப்பட்ட வினா.

ஓராண்டு கழிந்தது. அங்கே அவருக்குப் பட்டம் பெற வழியில்லை. உபகாரச் சம்பளமும் இல்லை. திறமையுள்ள மாணவியைத் தம்மிடமே வைத்துக்கொள்ள எவ்வாசிரியரும் விரும்புவர். கட்டலோ, இத்தாக்கா என்னும் ஊரிலுள்ள கார்னெல் சர்வகலாசாலைக்குச் செல்லுமாறு தாமே அறிவுரை கூறினார். 1892-இல் அம்மையார் அங்குச் சேர்ந்தார். லைப்சிக்கிலிருந்து அவ்வாண்டே வந்திருந்த டிச்சனர் அவருக்கு ஆசிரியரானார்.

ஊர் மாறிற்று, ஆசிரியர் மாறினார், பற்றிய பொருள் மாறவில்லை. தோலிற் படுவதன் தூரத்தையும் திசையையும் நாம் மதிப்பிடுகையில், மனக்கண்ணில் எழும் உருவங்கள் அம்மதிப்பை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராய்ந்து, 1894-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மனோதத்துவத்தில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணி அவரே.

இதனால், மாறுவதே மேன்மை எனக் கொள்ளலாகாது. மேரி விட்டன் கால்கின்ஸ் அம்மையார் ஹார்வர்டிலே விருந்தினராகப் பயின்று, 1895-இல் டாக்டர் பட்டத்திற்குரிய தேர்வை ஆசிரியர்கள் மெச்சும்படி முடித்தார். பெண் என்ற காரணத்தால் ஹார்வர்டு பட்டம் தர மறுத்தது. 1902-இல் ராட்கிளிப் என்னும் பெண்கள் கலாசாலையின் பட்டத்தை அளிக்க முன்வந்தபோது, தாம் பயின்றது ஹார்வர்டிலேயே என்பதால் அதனை அவர் ஏற்கவில்லை. பட்டமில்லாத அவரே 1905-இல் அமெரிக்க மனோதத்துவ சங்கத்தின் முதற் பெண் தலைவரானார். வாஷ்பர்ன் 1921-இல் அப்பதவி வகித்தார். ஒருவர் சென்றார், ஒருவர் நின்றார், தாம் பற்றிய பொருளை இருவரும் கைவிடவில்லை.

ஆதலின், கலாசாலை மாற எண்ணும் மாணாக்கர் தம்மைத் தாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வாராக. நான் உடன்கொண்டு செல்லும் வினா யாது? அதற்கு வேண்டுவது இங்கே இல்லாமல் அங்கே உண்டா? என்னை அறிந்த ஆசிரியர் ஒருவரிடம் இதனை மறையாமற் கூறினேனா? முதற் கேள்விக்கு விடையில்லாதவர், எங்குச் சென்றாலும் இருந்த நிலையிலேயே இருப்பர். ஆசிரியர்மாருக்கும் இங்கே ஒரு பாடம் உண்டு: மாணாக்கரை வரவேற்பதைப்போலவே, தக்க காலத்தில் வழியனுப்பி வைப்பதும் அவர்தம் கடமையாம்.

வாஷ்பர்ன் அம்மையார் பின்னர் வேறு சில இடங்களிற் பணியாற்றி, 1903-இல் வாசருக்கே ஆசிரியராய்த் திரும்பினார். 1937 வரை அங்கேயே கற்பித்தார். விலங்குகளின் மனத்தைப் பற்றி அவர் 1908-இல் வெளியிட்ட நூல் பல பதிப்புகள் கண்டது. தாம் தேடியதை வேறிடத்திற் பெற்றவர், அதனைக் கற்பிப்பதற்குத் தம் முதற் கலாசாலைக்கே வந்துசேர்ந்தார்.