ஓராசிரியர் எழுதிய ஈரேடுகள்

இணையத்தில் இசை ஏடுகளுக்கென்றே அமைந்த நூலகம் ஒன்று உண்டு. 2006 இல் தொடங்கப்பெற்ற அது, 1501 இல் வெனிஸ் நகரில் இசையை அச்சிட்ட பெட்ருச்சி என்பாரின் பெயரைத் தாங்கியது. உரிமைக்காலம் கழிந்த ஏடுகளை யாவரும் அதிற் சேர்க்கலாம். ஆனால், ஓர் இசையாசிரியர் தம் நூலையே இருமுறை எழுதியிருப்பின், எதனைச் சேர்ப்பது?

ஆஸ்திரிய நாட்டில் 1824 இல் பிறந்த ஆன்டன் புரூக்னர், பல வாத்தியங்கள் கூடி முழங்கும் சிம்பொனி என்னும் பேரிசையில் வல்லவர். தம் எட்டாம் சிம்பொனியை 1887 இல் முடித்து, மியூனிக் நகரில் இசைக்குழுவை நடத்திய ஹெர்மன் லெவிக்கு அனுப்பினார். லெவி பகைவர் அல்லர். 1885 இல் புரூக்னரின் ஏழாம் சிம்பொனியை நடத்திப் புகழ் சேர்த்தவர். அவரே, புதிய இசை தமக்கு விளங்கவில்லை என்றார். அறுபது கடந்த புரூக்னரின் உள்ளம் இடிந்தது. ஆயினும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். 1890 இல் நூலைத் திருத்தி முடித்தார்.

திருத்தம் சிறிதன்று. முன்னைய ஏட்டில் முதற்பகுதி பெருமுழக்கத்தோடு முடிகின்றது. பின்னையதிலோ மூச்சு ஒடுங்குவதுபோல் மெல்ல அடங்குகின்றது. மெல்லிய நடையுடைய பகுதியின் உச்சியில் ஆறு முறை ஒலித்த வெண்கலத் தாளம், பின்பு இருமுறையே ஒலிக்கின்றது. அவ்வமைதியான முடிவே எமக்கு உவப்பு. ஆயினும் அதுபற்றி முன்னையதை விலக்குதல் தகுமோ?

நம் பழஞ்சுவடிகளின் பாடவேறுபாடுகள் பெரும்பாலும் ஏடெழுதினோரால் நேர்ந்தவை. ஆதலின் மூலபாடத்தைத் தேடுகின்றோம். இங்கோ இரண்டும் ஆசிரியர் பாடமே. 1939 இல் ராபர்ட் ஹாஸ் என்னும் பதிப்பாசிரியர், 1890 ஏட்டில் 1887 ஏட்டின் சில பகுதிகளைக் கலந்து அச்சிட்டார். கேட்க அது இனிதே. எனினும் அவ்வடிவில் ஓர் ஏட்டைப் புரூக்னர் எழுதினாரில்லை. பின்னர் லியோபோல்ட் நோவாக், 1890 வடிவத்தை 1955 இலும், 1887 வடிவத்தை 1972 இலும் தனித்தனியே பதிப்பித்தார். முதல் வடிவம் இவ்வாறு வெளிவர எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றன!

ஆகவே, நூலகத்தில் ஏடு சேர்ப்போர் ஒன்றை நீக்கி மற்றொன்றை வைத்தலாகாது. எந்த ஆண்டின் வடிவம், பதிப்பித்தவர் யார் என முகப்பிலேயே குறித்துத் தனித்தனியே வைத்தல் வேண்டும். பதிப்பாசிரியரின் உரிமை நீங்காத பதிப்பாயின் காத்திருத்தலே முறை. ஆண்டு குறியாத ஏடுகளை நம்பி வாசிக்கப் புகுந்த குழுவிலோ, வயலின் வாசிப்போர் மெல்ல அடங்கும்போது எக்காளம் ஊதுவோர் முழங்கிக்கொண்டிருப்பர்.